ரத்தத்தின் மடைகள்: சிறுதமனியும் நுண்தமனியும்



சிறுதமனி, நுண்தமனி இவ்விரண்டும்தான் இன்றைய பேச்சின் பொருள். இதயத்துக்கு மேடை தேட வேண்டியதில்லை. கவிஞர் முதல் மருந்துக் கம்பெனி வரை அதைப் பேசாதவர் கிடையாது. இதயத்துக்கும் உறுப்புகளுக்கும் நடுவே கிடக்கும் இந்தக் குழாய்களைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. காலையில் பல் துலக்கியதும் பிரஷர் மாத்திரை விழுங்குகிறவர்கள் தெருவுக்குத் தெரு உண்டே, அந்தப் பிரஷர் எங்கே உண்டாகிறது? ஐஸ் அள்ளிய கை முதலில் வெளுத்து, பிறகு சிவப்பது எதனால்? செந்தேள் கொட்டிய பிள்ளையின் கைகால் சில்லிட்டுப் போவது எதனால்? மூன்று கேள்விக்கும் விடை இந்தக் குழாய்களின் சுவரில் இருக்கிறது.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் உள்விட்டம் சுமார் 25 மில்லிமீட்டர். அது கிளை விட்டு, கிளை மறுபடி கிளை விட்டு, போகப் போகச் சிறுக்கிறது. உள்விட்டம் 300 மைக்ரோமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் சிறுதமனி. 100 மைக்ரோமீட்டருக்கும் கீழே போனால் நுண்தமனி. இந்த எல்லை நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். குழாய்க்குள் அப்படி ஒரு கோடு கிழித்து வைத்திருக்கவில்லை. தலைமுடியின் பருமனே 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வரைதான். நுண்தமனிக்கு அப்பால் தந்துகி. ஆக்சிஜனும் உணவும் திசுவுக்குள் இறங்குவது தந்துகியில். எவ்வளவு இறங்கலாம் என்று தீர்மானிப்பது அதற்கு முந்தைய நுண்தமனியில்.

சுவரின் அமைப்பு என்ன? பெரிய தமனியைப் போலவே இதற்கும் மூன்று அடுக்கு. உள்ளே எண்டோதீலியம் என்னும் ஒற்றைச் செல் படலம். அதை ஒட்டி மீள்தன்மை உள்ள ஒரு மெல்லிய தகடு. சிறுதமனியில் தெளிவாகத் தெரியும், நுண்தமனியில் தேய்ந்து, கடைசியில் இல்லாமலே போகும். நடுவில் மென்தசை. சிறுதமனியில் அது பல அடுக்கு. நுண்தமனியில் ஒன்று அல்லது இரண்டு அடுக்கு. தந்துகிக்கு முந்தைய கடைசிக் கிளையில் ஒரே அடுக்கு, அதுவும் விட்டு விட்டு. வெளியே இணைப்புத் திசு உறை. அதில் பரிவு நரம்பின் இழைகள் பின்னிக் கிடக்கும்.

இந்த நடு அடுக்கில் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. பெருந்தமனியின் வழி 25 மில்லிமீட்டர் என்றால் சுவர் 2 மில்லிமீட்டர்தான். நுண்தமனியின் வழி 30 மைக்ரோமீட்டர் என்றால் சுவர் 20 மைக்ரோமீட்டர். இருபுறச் சுவரையும் கூட்டினால் 40. நடுவே ரத்தம் போகும் வழியோ 30. உடம்பில் வேறு எந்த ரத்தக்குழாய்க்கும் தன் வழியைவிடச் சுவர் இப்படி மிஞ்சி நிற்பதில்லை. அந்தச் சுவரும் பெரும்பாலும் தசை. எண்டோதீலியச் செல்கள் ரத்தம் ஓடும் திசையில் நீளவாக்கில் படுத்திருக்கும். தசைச் செல்கள் குறுக்கே வளையம் போட்டிருக்கும். வளையம் இறுகினால் வழி சுருங்கும், தளர்ந்தால் விரியும்.

மென்தசையின் இறுக்கம் கைத்தசையின் இறுக்கத்தைப் போன்றது அல்ல. குடம் தூக்கிய கை சற்று நேரத்தில் அலுத்துவிடும். நுண்தமனியின் தசையோ மிகக் குறைந்த ஆற்றலில் நாள் முழுதும் இறுகியே இருக்க வல்லது. அதை இறுக்கும் பொருள் கால்சியம். அந்தக் கால்சியத்தில் பெரும்பகுதி, செல்லின் வெளியிலிருந்து சவ்வில் உள்ள வாயில்கள் வழியாக உள்ளே வர வேண்டும். பிற்பாடு மருந்து வேலை செய்வது அந்த வாயிலில்தான் என்பதால் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

சரி, முடியளவுக் குழாய் கொஞ்சம் இறுகினால் என்ன குடி முழுகிவிடும்? இங்கேதான் கணக்கு வருகிறது. 1733-இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் தம் ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, ரத்தம் எட்டடிக்கு மேல் எழும்புவதைக் காட்டியவர் அவர். அதோடு நின்றாரா? நாயின் குடல் ரத்தக்குழாய்களில் வெந்நீர், தண்ணீர், பிராந்தி என்று மாற்றி மாற்றிச் செலுத்தி, ஓட்டம் கூடுவதையும் குறைவதையும் அளந்தார். ஓட்டத்தைத் தடுக்கும் இடம் நுண்ணிய கிளைகள் என்பதற்கு முதல் தடயம் அது. நூறாண்டு கழித்து, பாரிஸ் மருத்துவர் ழான் புவாசேய் கண்ணாடி நுண்குழாய்களில் திரவம் ஓடும் விதத்தை அளந்து ஒரு விதி கண்டார்: மற்றவை மாறாதிருந்தால், ஓட்டம் குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 40 மைக்ரோமீட்டர் வழி 20 ஆகச் சுருங்கினால் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிறது. அதே வழி 48 ஆக விரிந்தால் போதும், ஓட்டம் இரட்டிப்பாகிவிடும்.

இதனால்தான் ரத்த அழுத்தம் பெரிய தமனிகளில் ஏறக்குறைய குறையாமல் போய், சிறுதமனியிலும் நுண்தமனியிலும் திடீரென்று விழுகிறது. பெருந்தமனியில் சராசரி அழுத்தம் பாதரச அளவில் 95 மில்லிமீட்டர் என்றால், தந்துகியின் வாயிலில் 30 முதல் 35 வரைதான். ரத்தம் மெல்லிய தந்துகியைக் கிழிக்காமல் நுழைவது இந்த இறக்கத்தால்.

நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம். 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் எவ்வளவு நிறைந்து நின்றாலும், அனந்தனார் கால்வாய் எவ்வளவு பெருகி வந்தாலும், கன்னிப்பூவுக்கோ கும்பப்பூவுக்கோ எந்த வயலில் எவ்வளவு பாயும் என்பது மடையின் கையில். இதயம் அணை, தமனி கால்வாய், நுண்தமனி மடை. ஒரு வயலின் மடையை இறக்கினால் அடுத்த வயலுக்குத் தண்ணீர் கூடும். எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்து விட்டால்? கால்வாயின் மட்டம் விழுந்து, கடைவரம்புக்குத் தண்ணீர் எட்டாது. கடுமையான கிருமித் தொற்றில் நடப்பது ஏறக்குறைய இதுதான்: நுண்தமனிகள் பரவலாகத் தளர்ந்து போகின்றன, கை கதகதப்பாக இருக்கும்போதே ரத்த அழுத்தம் சரிகிறது. எல்லா மடையையும் நாள் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில் பாதி இறக்கியே வைத்தால்? கால்வாயில் மட்டம் ஏறி, கரை தாங்காத இடத்தில் உடைப்பு எடுக்கும். அது உயர் ரத்த அழுத்தம்.

ஓய்வில் இருக்கும் ஆளின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இரண்டு சிறுநீரகங்களுக்குப் போகிறது. எலும்புத் தசை முழுவதுக்கும் சேர்த்தே அந்த அளவுதான். அதே ஆள் குளச்சல் கடற்கரையில் வள்ளத்தைத் தள்ள இறங்கினால் பங்கீடு தலைகீழாகிறது. இதயம் தள்ளுவது பல மடங்கு ஏறுகிறது. அதில் பெரும்பங்கை வேலை செய்யும் தசை வாங்கிக்கொள்கிறது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போவது குறைகிறது. இந்தப் பங்கீட்டை இதயம் செய்யவில்லை. இதயத்துக்கு முன்னால் இருப்பது ஒரே குழாய். யாருக்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

அப்படியானால் மடையை ஏற்றி இறக்குவது யார்? ஒருவரல்ல, ஐந்தாறு பேர்.

முதலில் அந்தத் தசையே. 1902-இல் லண்டனில் வில்லியம் பேலிஸ் ஒன்றைக் கண்டார்: நரம்பைத் துண்டித்த பிறகும், உள்ளே அழுத்தம் கூடினால் சிறிய தமனி தானாகவே இறுகுகிறது, அழுத்தம் குறைந்தால் தளர்கிறது. இழுபட்ட தசை எதிர்த்து இறுகுகிறது, அவ்வளவுதான். மூளைக்குப் போகும் ரத்தம், சராசரி அழுத்தம் 60 முதல் 150 வரை எங்கே இருந்தாலும் பெரிதும் மாறாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். படுத்தவர் எழுந்து நின்றதும் தலை சுற்றி விழாமல் இருப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

இரண்டாவது, தண்ணீர் கேட்கும் வயலே மடையைத் திறப்பது. வேலை செய்யும் தசையில் கரியமில வாயு, பொட்டாசியம், அடினோசின், அமிலம் எல்லாம் சேர்கின்றன, ஆக்சிஜன் குறைகிறது. இவை ஒவ்வொன்றும் பக்கத்து நுண்தமனியைத் தளர்த்தும். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை.

மூன்றாவது, உட்படலம். நெடுங்காலம் எண்டோதீலியத்தை வெறும் பூச்சு என்றே நினைத்திருந்தார்கள். 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட் அந்த எண்ணத்தை உடைத்தார். முயலின் தமனித் துண்டில் அசிட்டைல்கோலினைச் சேர்த்தால் அது தளர்கிறது. உட்படலத்தைச் சுரண்டிவிட்டுச் சேர்த்தால் தளர்வதில்லை, இறுகுகிறது. தளர்த்தும் பொருளை உட்படலமே சுரக்கிறது என்று தெரிந்தது. அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு. 1998-இல் நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் சென்றது. நெஞ்சுவலிக்காரர் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் இதே வாயுவின் வழியாகத்தான் குழாயைத் தளர்த்துகிறது. குழாய் சிறுக்கச் சிறுக்க இன்னொரு வழி மேலோங்குகிறது: உட்படலச் செல், தகட்டின் துளை வழியே விரல் நீட்டித் தசைச் செல்லைத் தொட்டு, மின்மாற்றத்தை நேராகவே கடத்திவிடும்.

நான்காவது, பரிவு நரம்பு. 1851-இல் க்ளோத் பெர்னார் முயலின் கழுத்தில் இந்த நரம்பை வெட்டியதும் அந்தப் பக்கத்துக் காது சிவந்து சூடேறியது. நரம்பு இருந்த வரை குழாயை இழுத்துப் பிடித்து வைத்திருந்தது என்று பொருள். நரம்பு முனையில் சுரக்கும் நோர்அட்ரினலின், தசையின் ஆல்ஃபா ஏற்பியில் அமர்ந்து அதை இறுக்குகிறது. நரம்பு வெளி உறையோடு நின்றுவிடும்; தசை அடுக்குக்குள் நுழையாது. ஆக, தசை நடுவில் நிற்கிறது: வெளியிலிருந்து நரம்பு இறுக்கச் சொல்கிறது, உள்ளிருந்து படலம் தளரச் சொல்கிறது. இவற்றோடு அட்ரினலின், ஆஞ்சியோடென்சின் முதலிய ஹார்மோன்களும் ரத்தத்தில் மிதந்து வந்து தங்கள் பங்குக்குப் பேசும்.

இவை சேர்ந்து நடத்தும் வேலையைக் கண்ணாலேயே காண வேண்டுமா? சின்னமுட்டத்திலோ குளச்சலிலோ மீனுக்கு ஐஸ் போடுகிறவரின் கையைப் பார்த்தால் போதும். கையை ஐஸுக்குள் விட்டதும் விரல் நுனி வெளுக்கிறது. வலி எலும்பு வரை குத்துகிறது. நரம்பும் குளிரும் சேர்ந்து தோலின் நுண்தமனிகளை இறுக்கி மூடிவிட்டன. ஐந்து பத்து நிமிடம் கழியட்டும். கை ஐஸுக்குள் இருக்கும்போதே விரல் சிவந்து சூடு பரவுகிறது, வலி தணிகிறது. சற்றுப் பொறுத்து மறுபடி வெளுப்பு, மறுபடி சிவப்பு. 1930-இல் தாமஸ் லூயிஸ் இந்த ஏற்ற இறக்கத்தை விவரித்தார். விரல் நுனியில் நுண்தமனியிலிருந்து நேரே சிரைக்குப் பாயும் தடித்த தசையுள்ள குறுக்குவழிகள் நிறைய உண்டு; கடுங்குளிரில் அவற்றின் தசை பிடி விட்டுப்போகிறது, சூடான ரத்தம் பாய்கிறது, சூடானதும் தசை மறுபடி பிடித்துக்கொள்கிறது. குளிர்நீரில் வேலை செய்து பழகிய கனடா மீனவரின் விரல், பழகாதவரின் விரலைவிடச் சூடாக இருப்பதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் காப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் கண்டு வந்த ஒருவர் குமரி மாவட்டத்திலேயே வாழ்ந்தார். நெய்யூர் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல். 1922-இல் எவரெஸ்ட் குழுவில் வந்த அவர், மலையேற்றம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி நெய்யூருக்கு வந்தார். காத்திருந்த நோயாளிக் கூட்டத்தையும் மருத்துவர் பற்றாக்குறையையும் கண்டு, லண்டன் வாழ்க்கையை விட்டு இங்கேயே பணி ஏற்றார்.

1922 மே மாதம் மலோரி, நார்ட்டன், சாமர்வெல் மூவரும் ஆக்சிஜன் உருளை இல்லாமல் 8,225 மீட்டர் உயரம் தொட்டனர். அவர்களோடு ஏறத் தொடங்கிய மோர்ஸ்ஹெட் என்ற அதிகாரி முன்னதாகவே உறைபனிக்காயம் பட்டு விரல் நுனிகளை இழந்தார். உறைநிலைக்கு வெகு கீழே, காற்றும் வீசும்போது, விரலின் நுண்தமனிகள் இறுகியது இறுகியபடியே நின்றுவிடுகின்றன. உடம்பு நடுச்சூட்டைக் காப்பாற்ற விரலைக் கைவிடுகிறது. திசு உறைகிறது, குழாயின் உட்படலம் சிதைகிறது, பிறகு சூடேற்றினாலும் ரத்தம் உறைந்து வழி அடைபடுகிறது.

1924 ஜூன் 4-இல் சாமர்வெல் மறுபடி ஏறினார். ஏறத்தாழ 8,500 மீட்டரில் இருமல் தாங்காமல் உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் தனியாக மேலே போனார். இறங்கும்போது சாமர்வெல்லின் தொண்டை முழுதாக அடைத்து மூச்சு நின்றுபோனது. நெஞ்சை இரு கையாலும் அழுத்தி இருமியதில், உறைபனியால் செத்துப்போன குரல்வளைச் சவ்வு பெயர்ந்து வெளியே வந்தது, உயிர் பிழைத்தார். பிழைத்தவர் நெய்யூருக்குத் திரும்பி, 1940-களின் இறுதி வரை கத்தி பிடித்தார்.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆக்சிஜன் குறையும்போது நுண்தமனி என்ன செய்யும்? உறுப்புக்கு உறுப்பு விடை வேறு. கை கால் தசையில் விரியும். நுரையீரலில் சுருங்கும், 1946-இல் வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ரான்டும் இதை நிறுவினர். கடல்மட்டத்தில் இது நல்ல ஏற்பாடு: நுரையீரலின் ஒரு மூலையில் காற்று போகவில்லையானால், அங்கே ரத்தத்தை வீணாக அனுப்பாமல் காற்றுள்ள பக்கம் திருப்பிவிடலாம். மலையுச்சியிலோ எல்லா மூலையிலும் காற்றுக் குறைவு. எல்லாம் சுருங்கி நுரையீரலின் அழுத்தம் ஏறுகிறது, சிலருக்கு நீர் கோத்து உயிரே போகிறது. மூளையில் இழுபறி: ஆக்சிஜன் குறைவு குழாயை விரிக்கப் பார்க்கும், மூச்சு வாங்கி வாங்கிக் கரியமில வாயு வெளியேறிவிட்டதால் குழாய் சுருங்கவும் பார்க்கும். ஒரே ஆள், ஒரே காற்று, மூன்று வகை நுண்தமனி.

சிறுநீரகத்தின் ஏற்பாடு இன்னும் நுட்பம். மற்ற உறுப்புகளில் தந்துகிக்கு முன்னால் மட்டும் நுண்தமனி; இங்கே வடிகட்டும் தந்துகி முடிச்சுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்னதைத் தளர்த்திப் பின்னதை இறுக்கினால் முடிச்சுக்குள் அழுத்தம் ஏறி வடிகட்டல் கூடும். முன்னதன் சுவரில் சில தசைச் செல்கள் உருமாறி ரெனின் சுரக்கின்றன. அழுத்தம் விழுந்தால் ரெனின் வெளிவரும். அது ஆஞ்சியோடென்சினை உண்டாக்கும். ஆஞ்சியோடென்சின் உடம்பெங்கும் நுண்தமனிகளை இறுக்கி, உப்பையும் தேக்கிவைக்கும்.

நரம்பின் இறுக்கம் கட்டுமீறினால் என்ன ஆகும் என்பதற்குச் செந்தேள் சான்று. அதன் நஞ்சு நரம்பு முனைகளிலிருந்து நோர்அட்ரினலினை வெள்ளமாகத் திறந்து விடுகிறது. கைகால் சில்லிடுகிறது, வியர்வை கொட்டுகிறது, அழுத்தம் எகிறுகிறது. இறுகிய குழாய்களை எதிர்த்துத் தள்ளி இதயம் ஓய்கிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது. மகாராஷ்டிரத்தின் மகாத் என்ற சிற்றூரில் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்ற மருத்துவர் 1980-களில், ஆல்ஃபா ஏற்பியை மறிக்கும் பிராசோசின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். மலிவான, சாதாரண பிரஷர் மாத்திரை. சில்லிட்ட கைகால் சூடேறியது; சாவு வெகுவாகக் குறைந்தது. பெரிய ஆய்வுக்கூடம் இல்லாத ஊரிலிருந்து வந்த இந்தச் சிகிச்சை பின்னர் உலகின் பாடநூல்களில் ஏறியது. இதற்கும் முன்னே, 1949-இல் மும்பையின் ருஸ்தம் ஜால் வக்கீல், மேற்கு மலையடிவாரத்திலும் விளையும் சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை எழுதினார். அந்த வேரின் ரெசர்பின், நரம்பு முனையின் நோர்அட்ரினலின் இருப்பையே காலி செய்துவிடும்.

இப்போது அந்த முதல் கேள்வி. பிரஷர் உண்டாகும் இடம் எது? இதயம் தள்ளும் அளவும், நுண்தமனிகள் தரும் தடையும் பெருக வருவது ரத்த அழுத்தம். நாள்பட்ட உயர் அழுத்தக்காரர் பெரும்பாலோரிடம் முதலாவது சாதாரணமாகவே இருக்கும், ஏறியிருப்பது இரண்டாவது. அழுத்தம் ஏறிய சிறுதமனியில் தசைச் செல்கள் புதிதாகப் பெருகாமலே, சிறிய வழியைச் சுற்றி நெருக்கமாக இடம் மாறிக்கொள்கின்றன. வழி குறுகுகிறது, தடை கூடுகிறது, அழுத்தம் இன்னும் ஏறுகிறது. ஸ்வீடனின் ப்யோர்ன் ஃபோல்கோவ் விளக்கிய இந்தச் சுழலில் நோயும் காரணமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. நாள்பட்ட சர்க்கரை நோயிலும் நுண்தமனிச் சுவரில் கண்ணாடி போன்ற புரதப் படிவு சேர்ந்து அது விறைக்கிறது.

உடைப்பு எடுக்கும் இடம் பெரும்பாலும் மூளையின் அடியாழம். அங்கே நுண்ணிய தமனிகள் பெரிய தமனியிலிருந்து நேர்க்கோணத்தில் கிளம்புவதால், அழுத்தம் படிப்படியாகக் குறைய இடமில்லை. 1868-இல் சார்கோவும் பூஷாரும், மூளை ரத்தக்கசிவில் இறந்தவர்களிடம் இக்குழாய்களில் சிறு சிறு புடைப்புகளைக் கண்டனர். அடைத்தால் சிறு பக்கவாதம். வெடித்தால் பெரிய பக்கவாதம். பீடி, சிகரெட்டை விடாதவர்களுக்கு வரும் பர்கர் நோயில் கைகால்களின் சிறிய, நடுத்தரத் தமனிகள் அழன்று அடைபட்டு விரல் கறுத்துப்போகும். அதற்கு மருந்தைவிடப் புகையை நிறுத்துவதே பெரிய வைத்தியம்.

இவ்வளவும் நடப்பதை உயிரோடு இருக்கும் ஆளிடம் கிழிக்காமல் பார்க்கும் இடம் விழித்திரை. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறிமுகப்படுத்திய கண் உள்நோக்கியால் மருத்துவர் நுண்தமனியை நேராகவே காண்கிறார். தடித்த நுண்தமனி ஒரு சிரையைக் கடக்கும் இடத்தில் சிரை நசுங்கித் தெரியும். பிரஷருக்கு வந்தவரைக் கண் மருத்துவரிடம் அனுப்புவது அதற்காகத்தான். பலர் அதை வீண் அலைச்சல் என்று தட்டிக்கழிக்கிறார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைப்பதும், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வரை வருவதுமான அம்லோடிபின் மாத்திரை, மென்தசையின் அந்தக் கால்சியம் வாயிலை மூடுகிறது. தசை தளர்கிறது, வழி விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் வரும். “சிறுநீரகம் போச்சோ” என்று பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர் உண்டு. இதற்கும் காரணம் நுண்தமனிதான்: தந்துகிக்கு முந்தைய குழாய் விரிந்தது, பிந்தைய சிரை அந்த அளவுக்கு விரியவில்லை, தந்துகியில் அழுத்தம் கூடி நீர் திசுவில் கசிகிறது. நீர் பிரியும் மாத்திரை இதற்கு அவ்வளவாக உதவாது. மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது எனலாப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரை ஒன்றைச் சேர்ப்பார். அது சிரைப் பக்கத்தையும் விரிப்பதால் தந்துகியின் அழுத்தம் இறங்கி வீக்கம் வடிகிறது.